கிலோமீட்டர் கணக்கில் ஒரு பிராது

ஒருநாள் சுற்றுலா என்றாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. விடியாமலே வேனில் ஏற்றி, ஏழு கோயில் காட்டி, ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிஷம் கொடுத்து, ராத்திரி பதினொரு மணிக்குக் கால் வீங்கிப்போய் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்கள். எந்தக் கோயிலில் எதைப் பார்த்தோம் என்று மறுநாள் போனில் இருக்கும் படங்களைத் தள்ளித் தள்ளித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் தை மாதம் வாட்ஸ்அப்பில் வந்த அந்த அறிவிப்பில் இரண்டு விஷயம் பிடித்திருந்தது. ஒரே ஊர்தான். அதுவும் பாசஞ்சர் ரயிலில். சேலத்திலிருந்து விருத்தாசலம், கூடவே ஊர் வரலாறு சொல்ல ஒருவர், மதியச் சாப்பாடு, எல்லாம் சேர்த்து ஆளுக்கு 900 ரூபாய்.

அத்தையிடம் காட்டினேன். அப்பாவின் அக்கா. எழுபத்திரண்டு வயது. மாமா போனபிறகு செவ்வாய்ப்பேட்டை மாரியம்மன் கோயிலைத் தாண்டி எங்கே கூப்பிட்டாலும் "முட்டி வலிக்குது" என்று முடித்துவிடுவார். இந்தத் தடவை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அறிவிப்பை முழுசாகப் படித்தார்.

"விருத்தாசலமா? கொளஞ்சியப்பர் ஊருதானே கண்ணு. எனக்கும் ஒண்ணு போட்டுரு."

முட்டி எங்கே போனது என்று நானும் கேட்கவில்லை.

காலையில் எல்லோரும் ஜங்ஷனில் கூட வேண்டும் என்று உத்தரவு. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் மார்க்கெட் ஸ்டேஷன் இருக்கிறது. இருட்டோடு ஆட்டோ பிடித்து ஜங்ஷன் போய், அங்கே வண்டி ஏறி, பத்து நிமிஷத்தில் அதே மார்க்கெட் ஸ்டேஷன் வழியாக எங்கள் தெருப் பக்கமாகவே திரும்பி வந்தோம். "வூட்டுக் கதவைப் பூட்டினோமான்னு பாத்துட்டு வந்துரலாம், வண்டி நிக்குது" என்றார் அத்தை. ஆட்டோவுக்கு நான் கொடுத்த காசு ரயில் டிக்கெட்டை விட அதிகம்.

அறிவிப்பில் 'உறுதி செய்யப்பட்ட இருக்கை' என்று வேறு போட்டிருந்தார்கள். பாசஞ்சர் வண்டியில் எந்த இருக்கையை யார் உறுதி செய்வது? இருபத்து மூன்று பேரும் முண்டியடித்துத்தான் ஏறினோம். ஏற்பாடு செய்த தம்பி இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஓடி ஓடித் தலை எண்ணிக்கொண்டிருந்தார். டவுன் ஸ்டேஷனில் கூட்டம் இன்னும் ஏறியது. கல்லூரிப் பிள்ளைகள், வாழைத்தார் கட்டு, ஒரு தையல் மெஷின் மேஜை. அந்த மேஜையின் மேல்தான் அத்தை தட்டுவடை செட் கடையைத் திறந்தார்.

சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: தட்டுவடை செட்டைக் கட்டி எடுத்துப் போக முடியாது. நமுத்துவிடும். அதனால் அத்தை அதைப் பிரித்து எடுத்து வந்திருந்தார். ஒரு டப்பாவில் தட்டுவடை. ஒன்றில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும், பொடியாக நறுக்கிய வெங்காயமும். இரண்டு சின்னக் கிண்ணத்தில் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி. அயோத்தியாப்பட்டணம் வருவதற்குள் ஒரு தட்டுவடையில் பச்சை, இன்னொன்றில் சிவப்பு, நடுவில் காய், மூடி ஓர் அழுத்து என்று எட்டு பேருக்குச் செட் போட்டாகிவிட்டது. தையல் மெஷின்காரருக்கு மேஜை வாடகையாக இரண்டு. சட்னி ஒரு சொட்டு மேஜையில் விழவில்லை. வெள்ளிப் பட்டறைக் குடும்பத்தில் பிறந்த கை, எதையும் சிந்தவிடாது.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஊரெல்லாம் ஐயா என்று கூப்பிடுகிறது, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். மைக் கிடையாது, கொடி கிடையாது, ஒரு பழைய கறுப்புக் குடை மட்டும். வாழப்பாடி வரை வாயே திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒருவருக்குப் பொறுக்கவில்லை, "ஏனுங்க ஐயா, ஏதாச்சும் சொல்லுங்க" என்றார். ஐயா ஜன்னலுக்கு வெளியே குடையை நீட்டி, "தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க" என்றார்.

சேலத்தில் பிறந்து வளர்ந்து, இந்தச் சாலையில் எத்தனையோ தரம் பஸ்ஸில் போயிருக்கிறேன். இதை யோசித்ததே இல்லை. சேலம் ஊருக்குள் ஓடுகிற திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து தெற்கே போய்க் காவிரியில் சேர்கிறது. ரயில் ஊரை விட்டுக் கிழக்கே கொஞ்ச தூரம் போனதுமே அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. இனி ஓடையெல்லாம் வசிஷ்ட நதிக்குப் போகும். வசிஷ்ட நதி சுவேத நதியோடு சேர்ந்து வெள்ளாறாகும். வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகும். வாழப்பாடி, ஏத்தாப்பூர், பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல் என்று தண்டவாளம் இந்தத் தண்ணீரின் போக்கிலேயே இறங்குகிறது. இடது பக்கம் கல்வராயன் மலை கூடவே வருகிறது. ரயில் போட்டவனுக்கு வழி காட்டியது ஆறுதான் என்றார் ஐயா. அப்புறம் மறுபடி மௌனம்.

அந்த மௌனம் நல்லதாகவே இருந்தது. பாக்குத் தோப்புகள் வந்தன. நெட்டுக்குத்தாக, ஒல்லியாக, காலை வெயில் உள்ளே இறங்க முடியாத நெருக்கத்தில். ஆத்தூர் நெருங்க நெருங்க சேகோ ஆலைகளின் களம். மரவள்ளிக்கிழங்கு வெட்டுகிற காலம் அது. கிழங்கு மாவு காயும் வெள்ளைப் பரப்பு தூரத்திலிருந்து பார்க்க உப்பளம் மாதிரி இருக்கும், வாசனை மட்டும் அப்படி இருக்காது. புளித்த வாடை பெட்டிக்குள் நுழைந்ததும் சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "நீங்க விரதத்துக்குச் சாப்பிடற ஜவ்வரிசிங்க அது" என்று அத்தை அவர்களைச் சமாதானப்படுத்தினார்.

இந்தப் பாதை மீட்டர்கேஜாக இருந்தபோது அத்தை ஒரு கல்யாணத்துக்காக ஆத்தூர் வரை போயிருக்கிறாராம். கரி வண்டி. பட்டுப்புடவையில் கரித்தூள் விழுந்து ஓட்டை போட்டதைத் தவிர வேறொன்றும் அந்தப் பயணத்தில் அவருக்கு நினைவில்லை. 2007-இல் அகலப்பாதை ஆனது. அதே வருஷம் நவம்பரில்தான் ரயில்வேயில் சேலம் கோட்டமும் உருவானது. ஆத்தூர், வசிஷ்ட நதிக்கரையில் பாளையக்காரர் காலத்துக் கோட்டை இருக்கும் ஊர். ஒருநாள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அன்றைக்கும் சொன்னேன். சின்னசேலம் பலகையைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரு சின்னப் பையன், "திரும்ப சேலமே வந்துருச்சா?" என்று கேட்டான். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பையன் இதைக் கேட்டே தீருவான் போல.

மொத்தம் சுமார் 140 கிலோமீட்டர். பஸ்ஸில் இதைவிடச் சீக்கிரம் போய்விடலாம் என்று நாலு பேர் சொன்னார்கள். போயிருக்கலாம்.

விருத்தாசலம் என்பது மொழிபெயர்ப்புப் பெயர். தேவாரம் பாடிய மூவரும் பாடிய ஊரின் பெயர் திருமுதுகுன்றம். முதுமை விருத்தம் ஆனது, குன்று அசலம் ஆனது. சுவாமிக்கும் அப்படியே இரண்டு பெயர், பழமலைநாதர் என்றும் விருத்தகிரீஸ்வரர் என்றும். ஊருக்குள் போனால் குன்றைத் தேடாதீர்கள், கண்ணுக்கு எதுவும் தட்டுப்படாது. மலையே இங்கே மண்ணுக்குள் அமுங்கிக் கோயிலாக நிற்கிறது என்று நம்பிக்கை. "பேர்ல மலை இருக்கு, ஊர்ல இல்ல. எங்க சேலத்துல மலை இருக்கு, பேர்ல இல்ல" என்று ஒருவர் சொன்னதற்கு ஐயா வாய்விட்டுச் சிரித்தார்.

கோயிலில் எல்லாமே ஐந்து. கோபுரம், பிரகாரம், கொடிமரம், நந்தி, தேர் என்று ஐந்தைந்தாக அடுக்குவார்கள். மாசிமகம் நெருங்கிக்கொண்டிருந்ததால் தேர்களில் வேலை தொடங்கியிருந்தது. ஐயா இந்தப் பட்டியலை ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, "இதை யூடியூப்ல பாத்துக்குங்க" என்று நேராக ஆழத்துப் பிள்ளையாரிடம் அழைத்துப் போனார். படியிறங்கித்தான் போக வேண்டும். பெயருக்குப் பொருத்தமாக ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறார். மேலே வெயில் சுள்ளென்று இருக்க, அங்கே கல்லின் குளிர்ச்சி. அத்தை ஒவ்வொரு படிக்கும் முட்டியைத் திட்டிக்கொண்டே இறங்கினார், ஏறும்போது பிள்ளையாரைத் திட்டினார்.

கோபுர வாசலில் நாட்டியக் கரணச் சிற்பங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சிதம்பரத்தில் பார்த்திருப்பீர்கள், இங்கே கழுத்து வலிக்காமல், யாரும் இடிக்காமல் பார்க்கலாம். முருகன் நிறுவியதாகச் சொல்லும் 28 ஆகம லிங்கங்கள் வரிசையாக இருக்கின்றன, சைவ ஆகமம் 28 என்பதால் ஆகமத்துக்கு ஒன்று. இதையெல்லாம் நாங்கள் வேகமாகத்தான் கடந்தோம். ஐயா நின்றது ஒரு சுவரோரம்.

கருங்கல் அடித்தளத்தில் எழுத்து இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. "போன்ல லைட் போடுங்க. நேரா அடிக்காதீங்க, பக்கவாட்டுல" என்றார். ஒரு பெண் போனைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தைச் சாய்த்தாள். அவ்வளவுதான், வெறும் கல்லாக இருந்தது எழுத்தாக எழுந்து நின்றது. நேர் வெளிச்சத்தில் பள்ளமும் மேடும் ஒன்றாகிவிடும், சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு வெட்டுக்கும் நிழல் விழும். புள்ளி கிடையாது, ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி. எழுத்துக்கூட்டி ஐந்து பேர் சேர்ந்து பத்து நிமிஷத்தில் படித்தது இரண்டு சொல்: 'யாண்டு', 'விளக்கு'. யாரோ ஒருவர், ஏதோ ஓர் ஆட்சி ஆண்டில், விளக்கெரிக்கக் கொடுத்திருக்கிறார். அத்தை விரலை வைத்து அந்த 'யா'வின் மேலேயே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார். "இத்தனை ஆழமா வெட்ட உளி எத்தனை தரம் தீட்டியிருப்பான்" என்பதுதான் அவர் கவலை.

இந்தக் கோயிலைக் கருங்கல்லாக எடுத்துக் கட்டியவர் செம்பியன் மாதேவி. கண்டராதித்த சோழனின் மனைவி, உத்தம சோழனின் தாய். கணவன் போனபிறகு பல பத்தாண்டுகள் வாழ்ந்து, சோழநாட்டில் ஊர் ஊராகச் செங்கல் கோயில்களைக் கல்லாக்கிக்கொண்டே போனவர். ராஜராஜன் காலத்திலும் அவர் பெயர் கல்வெட்டில் வருகிறது. "அந்தம்மாவுக்கு முட்டி வலி இல்லைபோல" என்று அத்தை காதோடு சொன்னார். ஆனால் அந்தச் சுவரை விட்டு அவரைக் கிளப்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வன்னிமரம் இந்தக் கோயிலின் தலமரம். விபசித்து முனிவர் திருப்பணி செய்தபோது வேலையாட்களுக்கு இந்த மரத்தின் இலையைக் கூலியாகக் கொடுத்தாராம். அவரவர் செய்த வேலைக்குத் தக்க அளவு அது பொன்னாக மாறுமாம். ஏமாற்றியவன் கையில் இலை இலையாகவே இருக்கும். மற்றவர்கள் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். பட்டறையில் வளர்ந்த எங்கள் இருவருக்கும் இது சனிக்கிழமை சாயங்காலம். கொலுசு வேலைக்குக் கூலி எடைக் கணக்கு. கொடுத்த வெள்ளி, திருப்பிக் கொடுத்த உருப்படி, நடுவில் கழியும் சேதாரம். இந்த மூன்றுக்கும் நடக்கும் வழக்கு தாத்தா காலத்திலிருந்து எந்தச் சனிக்கிழமையும் சீக்கிரம் முடிந்ததில்லை. "அந்த மரத்துல ஒரு கிளை நம்ம பட்டறைல இருந்திருந்தா உங்க தாத்தனுக்குப் பிரஷர் வந்திருக்காது" என்றார் அத்தை.

அம்மன் சந்நிதியில் ஐயா சொன்ன கதை இன்னும் நன்றாக இருந்தது. குரு நமச்சிவாயர் திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரம் போகிற வழியில் இங்கே தங்கினார். பசி. பெரியநாயகியை நோக்கி, கிழத்தி, மலைக்கிழத்தி என்று வரிக்கு வரி கூப்பிட்டு, 'சோறு கொண்டு வா' என்று முடித்து ஒரு வெண்பா பாடினார். கிழத்தி என்றால் உரியவள், தலைவி. மனைக்கிழத்தி என்கிறோமே, அந்தக் கிழத்தி. அம்மனோ ஒரு மூதாட்டியாக வந்து, "என்னைக் கிழவி கிழவி என்கிறாயே, கிழவியால் சோறு சுமந்து வர முடியுமா?" என்று கேட்டாளாம். அவர் உடனே இளமையை வைத்து இன்னொரு வெண்பா பாட, இளம்பெண்ணாகச் சோற்றோடு வந்தாளாம். அதனால் இங்கே பெரியநாயகியும் உண்டு, இளையநாயகியும் உண்டு. ஒரு சொல்லை வேண்டுமென்றே தப்பாக எடுத்துக்கொண்டு சண்டை பிடிக்கிற அம்மனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அத்தைக்கு இதில் வேறு அபிப்பிராயம். "பசியோட வந்தவன்கிட்ட என்ன பேச்சு வேண்டிக்கிடக்கு? மொதல்ல சோத்தைப் போட்டுட்டு அப்புறம் கேக்கறது."

பசி பற்றிப் பேசியதாலோ என்னவோ, எங்கள் மதியச் சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. சாம்பார் தீர்ந்த பிறகு ரசம் வந்தது, ரசம் வந்தபோது சாதம் இல்லை. ஏற்பாட்டாளரைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்தத் தம்பியே கடைசிவரை சாப்பிடவில்லை. அந்த இடைவெளியில் சிலர் பீங்கான் பொம்மை வாங்கக் கிளம்பிவிட்டார்கள். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் பெரிது, கொலு வைக்கிற வீடுகளுக்குத் தெரியும். நான் இரண்டு யானை வாங்கினேன். ஒன்றுக்குத் தும்பிக்கை சேலம் வந்து சேரவில்லை.

சரி, ஆற்றுக்கு வருகிறேன். சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஐயா எங்களை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போயிருந்தார். கோயிலின் உயரமான மதிலை ஒட்டி நடந்தோம். 1751-இல் கர்நாடகப் போர் நடந்தபோது ராபர்ட் கிளைவ் படையோடு இந்த ஊருக்கு வந்துபோனதை நடந்துகொண்டே சொன்னார். இத்தனை பெரிய மதில் இருந்தால் படைக்காரர்களுக்குக் கோயில் கோட்டையாகத்தான் தெரியும். ஆற்றின் பெயர் மணிமுத்தாறு. பலகையில் படித்ததும் எங்கள் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. எங்கள் ஊர் ஆற்றின் பெயராயிற்றே! எங்களுடையதற்குத் திரு என்று ஓர் அடைமொழி அதிகம். இது கல்வராயன் மலையில் பிறந்து வெள்ளாற்றில் சேர்வது, அது சேர்வராயனில் பிறந்து காவிரியில் சேர்வது. பெயர் மட்டும்தான் ஒன்று.

தண்ணீர் நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மீதி மணலும் நாணலும் குப்பையும். ஐயா குடையை ஊன்றி நின்றுகொண்டு சுந்தரர் கதையைத் தொடங்கினார். இந்த ஊர்ச் சுவாமியிடம் சுந்தரர் பன்னிரண்டாயிரம் பொன் வாங்கினார். அவ்வளவையும் சுமந்துகொண்டு திருவாரூர் போக வேண்டும். "இந்த ஆற்றில் போடு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்" என்று உத்தரவாயிற்று. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று நாம் கேலியாகச் சொல்கிறோமே, அந்த ஆறு இது, அந்தக் குளம் கமலாலயம்.

"போடறதுக்கு முன்னாடி சுந்தரர் ஒரு காரியம் பண்ணினார். மச்சம் வெட்டி வெச்சுக்கிட்டார்னு சேக்கிழார் சொல்றார். மச்சம்னா என்ன?"

உடம்பில் இருக்கும் மச்சம் என்றார் ஒருவர். மீன் என்றார் இன்னொருவர், ஆற்றங்கரை ஆயிற்றே. ஐயா இல்லை இல்லை என்று தலையாட்டிவிட்டு, பொன்னிலிருந்து மாதிரிக்காக வெட்டி எடுக்கிற சின்னத் துண்டு என்று விளக்கத் தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் அத்தை, "அட, டச்சுக்கு வெட்டறது!" என்றார் சத்தமாக.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐயாவும்தான். "அது என்னங்கம்மா?"

அத்தை சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார். பட்டறைக்குக் கட்டி வெள்ளி வந்தால் அப்படியே உருக்க மாட்டார்கள். ஒரு மூலையில் துளி வெட்டி, டச் பார்க்க அனுப்புவார்கள். நூற்றுக்கு எத்தனை சுத்தம், எத்தனை கலப்பு என்று சீட்டு வரும். அதுவரை கட்டியை யாரும் தொடக்கூடாது. வெட்டிய துண்டை எடை போட்டு எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிலும் வழக்கு வரும். தன் தம்பி, அதாவது என் அப்பா, மாமனார் வீட்டிலிருந்து வந்த வெள்ளியைக்கூட வெட்டிப் பார்த்தவர் என்பதையும் சேர்த்துச் சொன்னார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஐயாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இருபது வருஷமாகப் பாடம் நடத்திய ஒரு சொல்லை யாரோ கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி நின்றார். அப்புறம் மீதிக் கதையைப் பாதி அத்தையைப் பார்த்தேதான் சொன்னார். திருவாரூர்க் குளத்தில் சுந்தரர் இறங்கித் தேடுகிறார், பொன் இல்லை. கரையில் பரவையார் நிற்கிறார். மனைவிக்கு முன்னால் மானம் போகிறது. "முதுகுன்று அமர்ந்தீர்" என்று சுவாமியைக் கூப்பிட்டு, பரவை முன்னால் இப்படிச் செய்யலாமா என்று பதிகம் பாடுகிறார். பொன் வருகிறது. வந்ததை மச்சத்தோடு வைத்து உரைத்துப் பார்க்கிறார். மாற்று குறைகிறது! மறுபடி பாடுகிறார், சரியாகிறது. பொன்னை உரைத்துப் பார்த்தவர் பிள்ளையார் என்று திருவாரூரில் சொல்வார்கள், மாற்றுரைத்த விநாயகர் என்றே குளக்கரையில் ஒருவர் இருக்கிறார்.

"சாமி குடுத்ததையே வெட்டிப் பாத்திருக்காரு பாரு" என்றார் அத்தை. அதில் கண்டனம் துளியும் இல்லை. தொழில் தெரிந்தவரைப் பற்றித் தொழில் தெரிந்தவர் சொன்னது.

எனக்கு ஒரு சந்தேகம் குடைந்துகொண்டே இருந்தது. ஆடிட்டர் ஆபீஸில் இருபது வருஷம் வேலை பார்த்தவளுக்குக் கணக்கு இடித்தால் தூக்கம் வராது. "ஐயா, இந்த மணிமுத்தாறு வெள்ளாற்றுல சேர்ந்து பரங்கிப்பேட்டைல கடலுக்குப் போயிடுது. திருவாரூருக்குப் போகாது. எங்க ஊர் திருமணிமுத்தாறு காவிரில சேருது. காவிரித் தண்ணிதான் திருவாரூர்ப் பக்கம் பாயுது. சுந்தரர் சேலத்துல போட்டிருந்தா கணக்கு சரியா வந்திருக்குமே?"

ஐயா குடையை மணலில் ஒருமுறை சுழற்றினார். "வந்திருக்கும்மா. ஆனா அதுக்குப் பேரு அற்புதம் இல்ல, நீர்ப்பாசனம்."

எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, "சேலத்துல போட்டா பொன் உத்தமசோழபுரம் தாண்டறதுக்குள்ள சாயத்துல நெறம் மாறியிருக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்கும் சிரித்தோம், கொஞ்சம் குறைவாக. சுகவனேசுவரர் கோயில் இருப்பது எங்கள் திருமணிமுத்தாற்றின் கரையில்தான். சுகவனேசுவரரில் தொடங்கி உத்தமசோழபுரம் கரபுரநாதர், பில்லூர், மாவுரெட்டி, நஞ்சை இடையாறு என்று அந்த ஆற்றங்கரைக் கோயில்கள் ஐந்தை ஒரே வரிசையாகச் சொல்வார்கள். கரபுரநாதர் கோயில் ஔவையார் கதையோடு சேர்த்துச் சொல்லப்படுவது. இவ்வளவும் வைத்துக்கொண்டு நாங்கள் அதைச் சாக்கடை என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். நான் பத்து வயது வரை அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றே அறியாமல் பாலத்தின் மேல் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

காசிக்கு வீசம் பெரிது விருத்தகாசி என்று இந்த ஊர்க்காரர்கள் பெருமை பேசுவார்கள். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. பெருமையில்கூட இப்படி அளந்து பேசுகிற ஊரை நான் பார்த்ததில்லை. இரண்டு மடங்கு, பத்து மடங்கு என்று கூசாமல் சொல்லியிருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்.

மத்தியானத்துக்கு மேல் மணவாளநல்லூர். விருத்தாசலத்தை ஒட்டிய ஊர், அங்கேதான் கொளஞ்சியப்பர். முருகன், ஆனால் உருவம் கிடையாது. பலிபீட வடிவம்தான் சுவாமி. கொளஞ்சிச் செடிப் புதருக்குள் பசு தானாகப் பால் சொரிந்த இடத்தில் கண்டெடுத்ததால் அந்தப் பெயர். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு கொளஞ்சி இருப்பார்கள்.

இங்கே வேண்டுதலுக்குப் பெயர் பிராது. குறையைக் காகிதத்தில் எழுத வேண்டும். கொடுத்த கடன் வரவில்லை, ஆடு காணோம், மகன் பேசுவதில்லை, எதுவானாலும். சுவாமி முன் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட வேண்டும். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வரும் என்பது நம்பிக்கை. கட்டணம் உண்டு. அது எப்படி என்றால், பிராது கொடுப்பவர் ஊர் எத்தனை கிலோமீட்டரோ அந்தக் கணக்கு. முனியப்பர் அவ்வளவு தூரம் போய் விசாரிக்க வேண்டுமே, படிக்காசு. அரசாங்க டி.ஏ. பில் போட்டவர்களுக்கு இதில் எந்தக் குழப்பமும் வராது.

எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு பேர் படம் எடுத்தார்கள். அத்தை நேராகப் போய்க் காகிதம் வாங்கினார். பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்தார். நான் கிட்டே போனதும் கையால் மறைத்துக்கொண்டார், பரீட்சையில் பக்கத்துப் பையனிடம் மறைக்கிற மாதிரி.

"எந்த ஊருங்கம்மா?" என்று கட்டணம் வாங்குபவர் கேட்டார்.

"சேலம், செவ்வாய்ப்பேட்டை."

அவர் கணக்குப் போடப் போனார். அத்தை, "ரோட்டுக் கிலோமீட்டரா, ரயில் கிலோமீட்டரா? ரயில்னா கொஞ்சம் மாறும்" என்றார். அந்த மனிதர் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு அத்தையை நன்றாக ஒருமுறை பார்த்தார். "முனியப்பர் குதிரைலம்மா வருவாரு" என்றார்.

அதற்குமேல் அத்தை பேரம் பேசவில்லை. காகிதத்தை மூன்றாக மடித்து, மறுபடி மூன்றாக மடித்து, தானே போய்க் கட்டிவிட்டு வந்தார்.

என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. ஊகம் உண்டு. மாமா இருந்தபோது ஒரு கட்டி வெள்ளி நம்பிக்கையின் பேரில் சொந்தத்தில் ஒருவருக்குக் கைமாற்றாகப் போனது என்று வீட்டில் ஒரு பேச்சு, சீட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. அதை யாரும் அத்தையிடம் கேட்பதில்லை. வெள்ளி விலை ஏறியது என்று பேப்பரில் முதல் பக்கத்தில் வந்தால் மட்டும் அன்றைக்கு அத்தை பேப்பரைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவார்.

திரும்பும் வண்டியில் இடம் கிடைத்தது. ஐயா எங்கள் எதிரில் உட்கார்ந்து அத்தையிடம் பட்டறைச் சொற்களாகக் கேட்டுக் கேட்டு ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். கம்பி இழுப்பதற்கு என்ன சொல்வீர்கள், பற்றவைக்க என்ன போடுவீர்கள், மெருகு எப்படி. அத்தை சலிக்காமல் சொன்னார், நடுநடுவே அவர் எழுத்துப்பிழையைத் திருத்தினார். தமிழாசிரியரின் எழுத்துப்பிழையை! ஆத்தூர் தாண்டியதும் இருட்டிவிட்டது. மலை தெரியவில்லை. சேகோ வாடை வந்ததை வைத்துத்தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தது.

இந்தத் தடவை ஜங்ஷன் வரை போகவில்லை. ஏற்பாட்டாளர் தம்பி வேண்டாம் வேண்டாம் என்று தலையெண்ணிக்கொண்டிருக்கும்போதே மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கிவிட்டோம். நடந்தே வீட்டுக்குப் போனோம். கதவு பூட்டித்தான் இருந்தது.

ஒரு வாரம் கழித்துப் போனபோது அத்தை வீட்டு நாள்காட்டியில் சித்திரை மாதத்தில் ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் இருந்தது. தொண்ணூறாவது நாள். பார்க்காத மாதிரி இருந்தேன். அத்தை காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"முடிஞ்சிருச்சுன்னா நேர்ல போயி ராஜினாமா எழுதிக் குடுக்கணுமாம் கண்ணு, இல்லாட்டி கேஸ் நிலுவைலயே நிக்குமாம். அதே காலை வண்டிக்குப் போலாம். கைடெல்லாம் வேண்டாம், 900 ரூவா எதுக்குத் தண்டம், நானே உனக்கு எல்லாத்தையும் சொல்றேன். தட்டுவடை மட்டும் நீ வாங்கிட்டு வந்துரு."